வால்டனுக்குப் போறியாக்கும்?

ஐ.டி. வேலைய உதறிட்டு மலையடிவாரத்துல குடிசை போட்டு உக்காரப் போறியாமே, ஏய்யா? உங்க அம்மை போன்ல ஒரே அழுகை. நான் அழல. ரொம்பச் சந்தோசம், போய்ட்டு வான்னுதான் சொல்லுதேன். நீ படிச்ச அந்த ‘வால்டன்’ புத்தகத்த அட்டை பிய்யிற வரைக்கும் படிச்சவன் நான். ஊர்ப்புற நூலகத்துல சீல் குத்துறவனுக்குப் படிக்கிறதத் தவிர வேற என்ன வேலை? அதனால சொல்லுதேன். போறதுன்னா அத எழுதுன தோரோ போன மாதிரியே போ. அவரு செஞ்ச ஏற்பாட்டுல ஒண்ணுகூடக் கொறையக் கூடாது.

நிலம் கிலம் வாங்கிராத. நிலம் வச்சிருக்குற சிநேகிதன் ஒருத்தனப் பிடி. மாசசூசெட்ஸ் மாநிலத்துல பாஸ்டனுக்குப் பக்கத்துல கான்கார்டுன்னு ஒரு ஊரு. அங்க வால்டன் குளத்தங்கரையில எமர்சன் நிலம் வாங்கிப் போட்டிருந்தாரு. அதுலதான் 1845 ஜூலை 4, அவுக ஊரு சுதந்திர தினத்தன்னைக்கு, தோரோ போய்க் குடியேறினாரு. வாடகை கெடையாது. மரம் வெட்டுன கோடாலியும் இரவல்தான். வாங்கினப்ப இருந்ததவிடக் கூராக்கித்தான் திருப்பிக் குடுத்தேன்னு எழுதி வச்சிருக்காரு. இரவல் வாங்குறவன் எவன்யா அப்படிச் சொல்லாம விட்டிருக்கான்?

எமர்சனத் தெரிஞ்சா உனக்கு இன்னும் புத்தி வரும். பாஸ்டன்ல ஒரு சர்ச்சுக்குப் பாதிரியாரா இருந்த மனுசன். 1831-ல பொஞ்சாதி எல்லன் காசநோயில போயிட்டா, வயசு 19. மறுவருசமே, நற்கருணைச் சடங்க மனசார நடத்த முடியலன்னு பதவிய விட்டுட்டாரு. அதுக்கு நெஞ்சு வேணும், நான் கேலி பேசல. அப்புறம் ஐரோப்பாவச் சுத்தி வந்து, 1836-ல ‘இயற்கை’ன்னு ஒரு சின்னப் புத்தகம் போட்டாரு. அதுல ஆசிரியர் பேரே கெடையாது. கடவுளத் தேடி வேதப் புத்தகத்துக்கும் பாதிரிக்கும் போக வேண்டாம், காட்டுல தனியா நின்னா உள்ளுக்குள்ளயே அகப்படும்ங்கிறதுதான் சாரம். அதே வருசம் அவரும் ரிப்ளிங்கிற பாதிரியும் இன்னும் சில பாதிரிமாரும் சேந்து கூடிப் பேச ஆரம்பிச்சாங்க. அந்தக் கூட்டத்துக்குத்தான் டிரான்சென்டென்டலிஸ்ட்டுன்னு பேரு. 1838-ல ஹார்வர்டு இறையியல் பள்ளியில போயி எமர்சன் இதையே பேச, பெரியவங்களுக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துட்டு. பேச வான்னு மறுபடி கூப்பிட ஹார்வர்டுக்கு ஏறக்குறைய 30 வருசம் ஆச்சு.

அடுத்தவன நம்பாத, உன்ன நம்புன்னு அவரு தற்சார்பப் பத்தி எழுதுன பெரிய கட்டுரை 1841-ல வந்துச்சி. நல்ல கட்டுரைதான். ஆனா அதுக்கு முன்னாலயே எல்லனோட சொத்துலேர்ந்து வருசத்துக்குச் சுமார் 1,200 டாலர் அவருக்கு வர ஆரம்பிச்சாச்சி. செத்த பொஞ்சாதியோட பணத்துல உக்காந்துக்கிட்டு தற்சார்பு பேசுறது தப்புன்னா நான் சொல்லுதேன்? அந்த மாதிரி வரும்படி உனக்கு எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னுதான் கேக்குதேன். உங்க தாத்தா எழுதி வச்சது ஒரு கெணறு, அதுலயும் நாலு பங்காளி.

குடிசைக்கு வருவோம். 10 அடி அகலம், 15 அடி நீளம். ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட். அந்த அரை சென்ட்டத்தான் நான் விரும்புதேன், ஏய்யா. ஞானியாப் போறவன் பலபேரு கணக்கெழுத மாட்டான். இவரு ஆணிக்கு எவ்வளவு, சுண்ணாம்புக்கு எவ்வளவுன்னு பிரிச்சி எழுதியிருக்காரு. ஆனா அந்தப் பலகை வந்த கதையப் படிச்சப்பத்தான் எனக்குக் கொஞ்சம் தொண்டைய அடைச்சிது. பக்கத்துல ரயில் பாதை போட வந்த ஐரிஷ் கூலி ஜேம்ஸ் காலின்ஸ். அந்தாளோட கொட்டாய 4 டாலர் 25 சென்ட்டுக்குப் பேசி முடிச்சாரு. மறுநாள் விடியக்காலம் அஞ்சு மணிக்குக் காலின்ஸ் கொட்டாயக் காலி பண்ணணும்னு பேச்சு. ஆறு மணிக்கு அந்தக் குடும்பம் ரோட்டுல எதுக்க வருது. ஒரே மூட்டை, சொத்து மொத்தமும் அதுக்குள்ள. பூனை மட்டும் கூட வரலயாம், காட்டுக்குள்ள போயிட்டாம். தோரோ கொட்டாயப் பிரிச்சிப் பலகைய வண்டியில கொண்டு போறதுக்குள்ள, பக்கத்துக்காரன் சீலி வளையாத ஆணியா பாத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டான். எளிய வாழ்க்கைய விரும்பிப் போனவரு, எளிய வாழ்க்கையத் தவிர வேற வழியில்லாதவன் வீட்டப் பிரிச்சித்தான் கட்டுனாரு. இதையெல்லாம் மறைக்காம எழுதி வச்சதும் அவருதான்ங்கிறதையும் சொல்லணும்.

வெள்ளாமை? ரெண்டரை ஏக்கர், பெரும்பாலும் பீன்ஸ். ஒரு வருசத்து லாபம் 8 டாலர் 71½ சென்ட். நம்மூர்ல எந்த விவசாயியும் லாபம்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டான், அந்த வகையில தோரோ நம்மள விட ஒசத்தி. வெளைஞ்ச பீன்ஸ அவரு திங்கல. வித்துட்டு அரிசி வாங்குனாரு. இந்தியத் தத்துவத்த இவ்வளவு நேசிக்கிற எனக்கு அரிசிதானே பொருத்தம்ங்கிற மாதிரி ஒரு நியாயம் வேற. பகவத் கீதைய ஆங்கிலத்துல வச்சி காலங்காத்தால படிச்சவரு, சோறும் சேத்துப்போம்னு நெனைச்சிருக்காரு. குழம்பு பத்தி ஒரு வரிகூட இல்ல, நான் தேடிட்டேன்.

கீதை அங்க போச்சா, அதுக்குப் பதிலா அங்கேருந்து இங்க வந்தது ஐஸ். மெட்ராஸ் கடற்கரையில விவேகானந்தர் இல்லம்னு பாத்திருக்கேல்லா, அதுக்குப் பழைய பேரு ஐஸ் ஹவுஸ். பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர் 1842-ல கட்டினது. அமெரிக்கக் குளத்துத் தண்ணி பாளம் பாளமா உறைஞ்சி, மரத்தூள்ல பொதிஞ்சி, கப்பலேறி மெட்ராஸ் வெள்ளைக்காரன் கிளாஸுக்கு வந்துச்சி. 1846-47 குளிர்காலத்துல ஆளுங்க கும்பலா வந்து வால்டன் குளத்தையும் அறுக்க ஆரம்பிச்சாங்க. தோரோ பாத்துக்கிட்டே நின்னாரு. மெட்ராஸ்காரனும் பம்பாய்க்காரனும் கல்கத்தாக்காரனும் என் கெணத்துத் தண்ணியக் குடிக்கான், என் வாளியும் கங்கையில தண்ணி மொள்ளுதுன்னு கனாக் கண்டாரு. அன்னைக்கு அறுத்ததுல முக்கால்வாசி குவியலாவே கெடந்து, பையப் பைய உருகி அதே குளத்துக்குள்ளயே போயிட்டு. ஆனாலும் கனா நல்ல கனா.

காட்ட நேசிக்கிறேன்னு சொல்லுதியே, அடுப்பு மூட்டத் தெரியுமாடே உனக்கு? 1844 ஏப்ரல்ல, குடிசைக்குப் போறதுக்கு ஒரு வருசம் முந்தி, தோரோவும் ஒரு சிநேகிதனும் ஆத்துல மீன் பிடிச்சி, கரையில வச்சி சமைச்சித் திங்கப் பாத்தாங்க. காஞ்ச புல்லுல தீ பிடிச்சி, சுமார் 300 ஏக்கர் காடு போயிட்டு. ஊர்க்காரங்க அணைக்க ஓடினாங்க. இவரு ஒரு பாறை மேல ஏறி நின்னு வேடிக்கை பாத்தாரு. காட்ட எரிச்சவன்னு ஊர்ல ரொம்ப வருசம் பேரு. ஒலகத்துக்கே காட்டோட அருமையச் சொன்ன மனுசன் கணக்குல மொதல் வரவு இதுதான்.

இன்னொரு கேலியும் உன் காதுல விழும். தனியா வாழ்ந்தேன்னு பீத்துனவனோட அழுக்குத் துணிய அம்மாதான் துவைச்சா, அப்பப்ப வீட்டுக்குப் போயி வயிறாரத் தின்னுட்டு வருவான், ஊரு ஒண்ணரை மைல் தூரம்தானே, அப்படின்னு. நானும் அந்தக் கேலிய ரசிச்சவன்தான். ஆனா அந்த அம்மா சிந்தியா யாருன்னு பாத்தப்புறம் சிரிப்பு வாரதில்ல. வீட்டுல விடுதி நடத்தி, சாப்பாட்டுக்கு ஆள் சேத்து, குடும்பத்த இழுத்துக்கிட்டுப் போன மனுசி. 1837-ல கான்கார்டுப் பெண்கள் சேந்து அடிமை ஒழிப்புச் சங்கம் ஆரம்பிச்சப்ப சிந்தியாவும் மூத்த மக ஹெலனும் அதுல இருந்தாங்க. தப்பி ஓடி வந்த அடிமைகளுக்கு அந்த வீட்டுல எடம் குடுத்தாங்க. 1846 ஆகஸ்ட்ல அந்தச் சங்கம் தன் கூட்டத்த வால்டன் குடிசை வாசல்லயே நடத்திச்சி. மகன் பீன்ஸ் வெதைச்சிக்கிட்டு இருக்கையில, அம்மா நாட்டோட பாவத்தக் கணக்கெடுத்துக்கிட்டு இருந்தா. துணி மட்டும் துவைச்சாளாம், பேச வந்துட்டாங்க.

அந்தக் கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் முந்திதான் தோரோ ஜெயிலுக்குப் போனது. அடிமைத்தனத்தக் கட்டிக் காக்குற, மெக்சிகோவோட சண்டைக்குப் போற அரசாங்கத்துக்குத் தலைவரி குடுக்க மாட்டேன்னு பல வருசமாக் கட்டாம விட்டிருந்தாரு. செருப்புத் தைக்கக் குடுத்தத வாங்க ஊருக்குள்ள வந்தவர சாம் ஸ்டேப்பிள்ஸ்ங்கிற அதிகாரி பிடிச்சாரு. காசில்லன்னா நான் கட்டுதேன்னு சொன்னதாவும் கதை இருக்கு. உள்ள ஒரே ராத்திரி. யாரோ, அநேகமா அத்தைக்காரி, வந்து வரியக் கட்டிட்டா. மறுநாள் வெளிய போன்னப்ப மனுசனுக்கு வந்த கோவத்தப் பாக்கணும்! இதுலயும் தோரோ முன்னோடி கெடையாது, மூணு வருசத்துக்கு முந்தியே அதே ஊர்ல ஆல்காட்ங்கிறவரு இதே வரிக்குப் பிடிபட்டு, ஜெயிலுக்குள்ள போகுமுன்னே வேறொருத்தர் கட்டி விடுவிச்சாச்சி. தோரோ வெளிய வந்து செருப்ப வாங்கிப் போட்டுக்கிட்டு, ஒரு கூட்டத்தோட காட்டுப் பழம் பறிக்கப் போயிட்டாரு.

அந்த ஒரு ராத்திரிய வச்சி 1849-ல வந்த கட்டுரையத்தான் பிற்பாடு தென்னாப்பிரிக்காவுல காந்தி படிச்சாரு. 1851-ல தப்பி வந்த ஒரு அடிமைய கனடாவுக்கு ரயிலேத்தி விட்டதும், 1859-ல அடிமை ஒழிப்புக்காரர் ஜான் பிரவுனத் தூக்குல போடப் போறாங்கன்னதும் ஊரக் கூட்டி அவருக்காகப் பேசுனதும் இதே தோரோதான். அந்த நேரம் அத்தை வந்து காப்பாத்தக் கூடிய காரியம் இல்ல அதெல்லாம். நீ குடிசையப் பிடிச்சிக்கிட்டே. எவனும் இந்தப் பக்கத்தப் பிடிக்க மாட்டேங்கான்.

தனியாப் போக பயமா இருந்தா கூட்டமாப் போகலாம்னு உன் சிநேகிதன் சொன்னானாமே? நல்லது. ஆல்காட் கதையக் கேட்டுட்டுப் போங்க. பிரான்சன் ஆல்காட் மாதிரி நல்ல மனுசன் நான் படிச்ச புத்தகத்துல கெடையாது. நல்ல மனுசன வீட்டுக்காரனா வச்சிக்கிட்டவ பாடு வேற. பாஸ்டன்ல பள்ளிக்கூடம் நடத்துனாரு, பிள்ளைகள அடிக்காம, கேள்வி கேட்டு. ஒரு கருப்பினப் பிள்ளையச் சேத்துக்கிட்டதும் மிச்ச பெத்தவங்க பிள்ளைகள எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்பவும் அந்தப் பிள்ளைய அனுப்பல. அங்க அவருக்கு ஒரு கும்பிடு. அப்புறம் 1843 ஜூன்ல, சார்லஸ் லேன்ங்கிற இங்கிலாந்துக்காரரு போட்ட பணத்துல 90 ஏக்கர் வாங்கி ஃப்ரூட்லேண்ட்ஸ்னு பேரு வச்சிக் குடிபோனாங்க. பழத்தோட்டம்னு பேரு, இருந்தது கெழட்டு ஆப்பிள் மரம் சுமார் பத்து.

சட்டத்தக் கேளு. கறி, மீன், முட்டை, பால், நெய் ஆகாது. பருத்தி அடிமை பறிச்சது, ஆகாது. கம்பளி ஆட்டுக்குச் சொந்தம், ஆகாது. லினன் துணிதான், பனியிலயும். காப்பி ஆகாது, டீ ஆகாது, பச்சத் தண்ணி. மாட்டப் பூட்டி உழுறது கொடுமை, எரு போடுறது அசிங்கம். வந்து சேந்தவங்க அதுக்கும் மேல. ஏபிரகாம் உட்னு ஒருத்தர் தன் பேரத் திருப்பிப் போட்டு உட் ஏபிரகாம்னு ஆக்கிக்கிட்டாரு, விடுதலை! இன்னொருத்தருக்குத் துணியே ஆகாது, ராத்திரியில மட்டும் காத்தாட நடந்துக்கோன்னு மத்தவங்க பேசி முடிச்சாங்க. விவசாயம் தெரிஞ்ச ஒரே ஆளு ஜோசப் பால்மர். அவரு வேற வகை. தாடி வச்சதுக்காக நாலு பேரு மடக்கிச் சிரைக்கப் பாத்து, இவரு திருப்பி அடிச்சி, அபராதம் கட்ட மாட்டேன்னு வருசத்துக்கும் மேல ஜெயில்ல கெடந்தவரு. கல்லறையில தாடியோட முகத்தச் செதுக்கி, தாடி வச்சதுக்காகத் துன்பப்பட்டவர்னே எழுதி வச்சிருக்கு. இவங்க மண்வெட்டியால கொத்துற அழகப் பாத்துட்டு, அந்தப் பால்மர்தான் ஒரு காளையும் ஒரு பசுவும் கொண்டாந்து பூட்டுனாரு.

எமர்சன் ஜூலையில போயி பாத்துட்டு வந்தாரு. இப்ப நல்லாத்தான் இருக்கு, டிசம்பர் வரட்டும்ங்கிற கருத்துல டைரியில எழுதி வச்சாரு. கிழவன் புத்தி அவருக்கு 40 வயசுலயே வந்துட்டு. அறுப்பு நேரத்துல ஆல்காட்டும் லேனும் தத்துவம் பேச ஊர் ஊராப் போயிட்டாங்க. மழை இருட்டிக்கிட்டு வருது, அறுத்த பார்லி களத்துல. பொஞ்சாதி அபிகாயிலும் பிள்ளைகளும் கூடையிலயும் விரிப்புலயும் அள்ளிக் கொண்டுபோயிச் சேத்தாங்க. அந்தப் பண்ணையில மாட்டுக்கெல்லாம் விடுதலை குடுத்தாங்க, ஏய்யா. அபிகாயிலுக்குக் குடுக்க மறந்துட்டாங்க. லேனுக்கோ குடும்பம்ங்கிறதே ஞானத்துக்குத் தடைன்னு ஒரு எண்ணம். கல்யாணம் பண்ணாம வாழுற ஷேக்கர் மதத்துக்காரங்க பக்கத்துலயே இருந்தாங்க, அங்க போகலாம்னு ஆல்காட்ட இழுத்தாரு. அபிகாயில் பிள்ளைகளோட கெளம்புதேன்னுட்டா. 1844 ஜனவரியில எல்லாம் முடிஞ்சிது. லேன் மகனோட ஷேக்கர்கிட்டப் போனாரு. ஆல்காட் சுவத்தப் பாத்துப் படுத்து, சாப்பிடாம கெடந்தாரு. பண்ணைய எடுத்து, பிற்பாடு ரொம்ப வருசம் நடத்துனது யாரு? தாடிக்கார பால்மர்.

அன்னைக்கு பார்லி அள்ளுனதுல ஒரு பிள்ளைக்கு வயசு 10. பேரு லூயிசா. 1868-ல ‘லிட்டில் விமன்’ எழுதி, அப்பா வாழ்நாள் பூரா சேக்காத பணத்தச் சேத்து, குடும்பக் கடன அடைச்சவ. 1873-ல அந்தப் பண்ணையப் பத்தி ஒரு கதையும் எழுதினா. நையாண்டின்னா அது நையாண்டி. தத்துவம் பேசுறவன் வீட்டுல ஒரு பொம்பளப் பிள்ளை மூலையில உக்காந்து கவனிச்சிக்கிட்டே இருக்கும், ஜாக்கிரதையா இரு.

புரூக் ஃபார்ம்னு இன்னொண்ணு இருந்துச்சி, ரிப்ளி 1841-ல ஆரம்பிச்சது. அங்க நாவலாசிரியர் ஹாதார்ன் 500 டாலர் பங்கு ரெண்டு வாங்கிச் சேந்தாரு, கல்யாணம் பண்ணி அங்கேயே குடித்தனம் வைக்கலாம்னு. வேலை எரு அள்ளுறது. ரிப்ளி அந்த எருமேட்டத் தங்கச் சுரங்கம்னு சொல்லுவாராம். மொதல்ல ஹாதார்னும் காதலிக்கு எழுதுற கடுதாசியில அதையே சொல்லிச் சிரிச்சாரு. அறுப்புக் காலம் வந்தப்ப சிரிப்ப நிறுத்திட்டாரு. வருசம் முடியறதுக்குள்ள வெளிய வந்து, பிற்பாடு போட்ட பணத்தக் கேட்டு வழக்கும் போட்டாரு. வழக்கோட விட்டாரா? 1852-ல அந்தப் பண்ணைய வச்சே ஒரு நாவலும் போட்டாரு. மனுசன் மனசுக்குள்ள கடவுள் இருக்காருன்னு எமர்சன் சொன்னா, வேற சிலதும் இருக்குன்னு சொன்னவரு அவரு. மெல்வில் ‘மோபி டிக்’க 1851-ல அவருக்குத்தான் காணிக்கையாக்குனாரு. அது விக்காமப் போயி மெல்வில் 19 வருசம் நியூயார்க்குல சுங்க வேலை பாத்தாரு. நீ வேலைய விட்டுட்டு எழுதப் போறே, அவரு எழுதிட்டு வேலைக்குப் போனாரு.

பத்திரிகை ஆரம்பிக்கிற யோசனையும் இருக்காம்லா? கான்கார்டுக் கூட்டமும் 1840-ல ‘டயல்’னு ஒண்ணு ஆரம்பிச்சிது. சந்தா 300-ஐ ஒட்டித்தான். ஆசிரியர் மார்கரெட் ஃபுல்லர். வருசத்துக்கு 200 டாலர் சம்பளம்னு பேச்சு, பேச்சோட சரி. ரெண்டு வருசம் பாத்துட்டு அந்த அம்மா எமர்சன் தலையில கட்டிட்டு வந்துட்டா. அப்புறம் பொம்பளைகளுக்கும் ஆம்பளைக்குள்ள அத்தனை உரிமையும் வேணும்னு 1845-ல புத்தகம் போட்டு, நியூயார்க் பத்திரிகையில எழுதி, இத்தாலிக்குப் போயி அங்க நடந்த புரட்சியக் கண்ணால பாத்தா. 1850 ஜூலையில புருசன், கைப்பிள்ளையோட திரும்பி வரும்போது நியூயார்க் கரைக்குக் கிட்டத்துலயே கப்பல் தட்டி மூணு பேரும் போயிட்டாங்க. எழுதுன கைப்பிரதியும் கடலோட போச்சு. தேட எமர்சன் தோரோவத்தான் அனுப்புனாரு. ஒண்ணும் பெருசா அகப்படல. இதுல கேலி பண்ண எனக்கு எதுவும் இல்ல.

புத்தகம் விக்குற வித்தை வேணும்னா அதுக்கும் குரு இருக்காங்க. 1809-ல வாஷிங்டன் இர்விங், நிக்கர்பாக்கர்னு ஒரு பெரியவரக் காணலன்னு பத்திரிகையில அறிவிப்புக் குடுத்தாரு. அப்படி ஒரு ஆளே கெடையாது. பெரியவர் விட்டுட்டுப் போன கைப்பிரதி இதுதான்னு சொல்லி சொந்தப் புத்தகத்த வித்தாரு. விட்மன் அவருக்கும் அப்பன். 1855-ல ‘புல்லின் இதழ்கள்’ தொகுப்பச் சொந்தக் காசுல அச்சடிச்சி எமர்சனுக்கு ஒண்ணு அனுப்புனாரு. எமர்சன் மனசு நெறைஞ்சி பாராட்டிக் கடுதாசி போட்டாரு. மறுவருசப் பதிப்புல பாத்தா அந்தக் கடுதாசியில இருந்த ஒரு வரி, புத்தகத்தோட முதுகுல தங்க எழுத்துல மின்னுது. எமர்சன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பத்தாததுக்கு அந்தப் புத்தகத்துக்குப் பேரில்லாம மதிப்புரையும் தானே எழுதிப் போட்டிருந்தாரு, ஆகா ஓகோன்னு. உள்ளதச் சொன்னா, கவிதை அந்தப் புகழுக்குத் தகுந்ததுதான், அதுதான் வயித்தெரிச்சல்.

தோரோவுக்கு அந்தச் சாமர்த்தியம் வரல. குடிசையில 2 வருசம் 2 மாசம் 2 நாள் இருந்துட்டு, 1847 செப்டம்பர்ல கெளம்பி எங்க போனாருன்னு நெனைக்க? எமர்சன் இங்கிலாந்துக்குப் போனதால அவரு வீட்டப் பாத்துக்கிட, அவரு வீட்டுக்கே. குடிசையில உக்காந்து எழுதுனது அண்ணனோட படகுல ஆத்துல போன கதை. 1849-ல சொந்தப் பொறுப்புல 1,000 பிரதி அச்சாச்சி. 1853-ல பதிப்பாளர், எடம் அடையுதுன்னு விக்காத 706 பிரதிய வண்டியில ஏத்தி வீட்டுக்கே அனுப்பிட்டாரு. மனுசன் அத்தனையையும் தானே முதுகுல சுமந்து ரெண்டு மாடி ஏறி அடுக்குனாரு. என்கிட்ட இப்ப 900 புத்தகம் இருக்கு, அதுல 700-க்கு மேல நானே எழுதுனதுன்னு டைரியில பெருமைப்பட்டுக்கிட்டாரு. அதுக்கு அடுத்த வருசந்தான் ‘வால்டன்’ வந்தது.

உன் சென்னை வீடு எத்தனாவது மாடின்னு சொன்னே? லிஃப்ட் ஓடுதாடே அங்க?